திருநெல்வேலித் திருமண்டல வரலாறு: மலர் எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நெல்லைச் சீமையில் நூறு வயதைத் தாண்டிய கிறிஸ்தவக் கோயில்களுக்குப் பஞ்சமில்லை. அதனால் ஆண்டுதோறும் ஏதாவது ஒரு சேகரத்தில் (ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சபைகளின் தொகுதியில்) நூற்றாண்டு விழாவோ, நூற்றைம்பதாவது ஆண்டு விழாவோ நடந்துகொண்டே இருக்கிறது. விழா என்றால் மலர் உண்டு. மலர் என்றால் ‘நமது சபையின் வரலாறு’ என்று ஒரு கட்டுரை உண்டு. அதை எழுதும் பொறுப்பு பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தலையில் விழும். இல்லையென்றால் தமிழ் நன்றாக எழுதுவார் என்று பெயரெடுத்த இளைஞர் ஒருவர் மாட்டிக்கொள்வார். எழுதி முடித்ததும், ‘அண்ணாச்சி, ஒரு பார்வை பார்த்துத் தாருங்கள்’ என்று படி என்னிடம் வந்து சேரும்.

வருகிற படிகளில் நான் தொடக்கத்தில் செய்த பிழைகளே திரும்பத் திரும்பத் தலைகாட்டுகின்றன. எழுத்துப்பிழை, படத்தின் கீழே பெயர் மாறுவது, குருவானவர் பட்டியலில் ஒருவர் விடுபடுவது ஆகியவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அவற்றை மெய்ப்புப் பார்ப்பவரே பிடித்துவிடுவார். விடுபட்டவரின் பேரன் நிச்சயம் பிடித்துவிடுவார். யார் கண்ணிலும் படாமல் அச்சேறி, அங்கிருந்து கல்வெட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிற தவறுகளைத்தான் சொல்லப்போகிறேன்.

மிஷன் தொடங்கிய ஆண்டே திருமண்டலம் தொடங்கிய ஆண்டு என்று எழுதுவது

‘1780-இல் திருநெல்வேலித் திருமண்டலம் உதயமாயிற்று’ என்ற தொடரை எத்தனை முறை அடித்துத் திருத்தியிருப்பேன் என்று கணக்கு வைக்கவில்லை. 1780 முக்கியமான ஆண்டுதான். பாளையங்கோட்டைச் சபையின் பதிவேடு அந்த ஆண்டில் நாற்பது பேருடன் தொடங்குகிறது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 1778-இல், கிளாரிந்தா என்ற பிராமணக் கைம்பெண் சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றார். அவர் கட்டிய கோயில் 1785-இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. பாப்பாத்தி அம்மாள் கோயில் என்று பாளையங்கோட்டையில் இன்றும் யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள்.

இவை எல்லாம் மிஷனின் வரலாறு, சபையின் வரலாறு. திருமண்டலம் என்பது ஒரு பேராயரின் ஆளுகைக்கு உட்பட்ட, எல்லை வகுக்கப்பட்ட நிர்வாகப் பகுதி. 1780-இல் இங்கிலாந்துத் திருச்சபைக்கு இந்தியா முழுவதிலும் ஒரு பேராயர்கூடக் கிடையாது. 1813-ஆம் ஆண்டின் சாசனச் சட்டம் வழிவிட்ட பிறகு, 1814-இல்தான் கல்கத்தாவுக்கு மிடில்டன் முதல் பேராயராக நியமிக்கப்பட்டார். அவருக்கு முன்பு இங்கே ஆங்கிலிக்கன், அதாவது இங்கிலாந்துத் திருச்சபை மரபுத் திருமண்டலம் இருந்தது என்று எழுதுவது, மாவட்டம் பிரியும் முன்பே அதற்குக் கலெக்டர் இருந்தார் என்று எழுதுவதற்குச் சமம்.

இதோடு ஒட்டியே இன்னொரு பிழையும் வரும். சுவார்ட்ஸ் ஆங்கிலிக்கன் குரு அல்லர். அவர் ஜெர்மானியர், மார்ட்டின் லுத்தர் வழிவந்த லுத்தரன் முறையில் குருவாக அபிஷேகம் பெற்றவர், தரங்கம்பாடி மிஷனுக்காக 1750-இல் வந்தவர். பின்னாளில் அவரைத் தாங்கியது எஸ்.பி.சி.கே. என்ற ஆங்கிலேயச் சங்கம்; படியளந்தவர்கள் ஆங்கிலேயர்கள், அபிஷேகமோ லுத்தரன். நெல்லையில் உழைத்த சத்தியநாதன் ஐயர் 1790-இல் தஞ்சாவூரில் பெற்றதும் லுத்தரன் அபிஷேகம்தான். 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் ஐயரும் அப்படியே. அவர் இங்கிலாந்துத் திருச்சபையைச் சார்ந்த சி.எம்.எஸ். (சர்ச் மிஷனரி சொசைட்டி) சங்கத்தின் ஊழியராக இருந்துகொண்டே இங்கிலாந்துத் திருச்சபையின் முறைமைகளை விமரிசித்து எழுதினார். 1835-இல் சங்கம் அவரை விலக்கிவிட்டது. சபைகளில் ஒரு பகுதி அவரோடு போயிற்று. 1838-இல் அவர் இறந்த பிறகே அந்தப் பிளவு மெல்ல ஆறியது. ‘ஆங்கிலிக்கன் குருவான ரேனியஸ்’ என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டால், பாளையங்கோட்டையை உலுக்கிய அந்தச் சண்டை எதற்காக நடந்தது என்பதே வாசகருக்குப் புரியாமல் போய்விடும்.

கால்டுவெல்லைத் திருநெல்வேலியின் முதல் பேராயராக்குவது

இதைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகவே பேசியாக வேண்டும். வேறெந்தப் பிழையும் என் பொறுமையை இவ்வளவு சோதித்ததில்லை.

கால்டுவெல் பேராயரா? ஆம். திருநெல்வேலியில் பணியாற்றினாரா? ஆம். அப்படியானால் திருநெல்வேலிப் பேராயர்தானே? இல்லை. இந்த மூன்றாவது விடையில்தான் எல்லாரும் தடுக்கி விழுகிறார்கள். பேராயர் என்ற நிலை ஒருவருக்கு அபிஷேகத்தால் வருகிறது. திருமண்டலம் என்பது வேறு. அது அரசாணையாலோ திருச்சபைச் சட்டத்தாலோ உண்டாக்கப்படுவது. திருமண்டலம் இல்லாமலே ஒருவர் பேராயராக இருக்கலாம். கால்டுவெல் இருந்தது அப்படித்தான்.

பின்னணி இதுதான். 1835-இல் சென்னைத் திருமண்டலம் உருவாகி, டேனியல் கோரி அதன் முதல் பேராயரானார். நெல்லைச் சபைகள் அதன்கீழ் வந்தன. சென்னையில் இருக்கும் பேராயர் ரயில் இல்லாத காலத்தில் பாளையங்கோட்டை வரை வந்து, தேரிக்காட்டில் சிதறிக் கிடந்த ஊர் ஊராகத் திடப்படுத்தல் ஆராதனை (ஞானஸ்நானம் பெற்றவர்களைப் பேராயர் கைவைத்து உறுதிப்படுத்தும் ஆராதனை) நடத்துவது எளிதா? சபைகளோ பெருகிக்கொண்டே போயின. திடப்படுத்துவதற்கும் குருக்களை அபிஷேகம் செய்வதற்கும் அருகிலேயே ஒரு பேராயர் தேவைப்பட்டார். சென்னையைப் பிரித்துப் புதிய திருமண்டலம் ஒன்றை உண்டாக்குவதுதான் நேரான வழி. அன்றைய நிலையில் அது எளிதாக நடக்கவில்லை. இந்தியாவில் இருந்த ஆங்கிலிக்கன் பேராயர் பதவிகள் பிரிட்டிஷ் பாராளுமன்றச் சட்டத்தோடும் அரசு ஆணையோடும் கட்டுண்டவை. திருச்சபை தான் நினைத்த இடத்தில் புதிதாக ஒன்றை நட்டுவிட முடியாது.

அதனால் சுற்றுவழி ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. சென்னைப் பேராயர் ஃபிரெடரிக் ஜெல்லுக்கு உதவிப் பேராயர்களாக இருவர் நியமிக்கப்பட்டார்கள். எஸ்.பி.ஜி. என்ற இன்னொரு ஆங்கிலிக்கன் மிஷனரிச் சங்கத்தின் சபைகளுக்கு இடையன்குடி ராபர்ட் கால்டுவெல், சி.எம்.எஸ். சங்கத்தின் சபைகளுக்குப் பாளையங்கோட்டை எட்வர்டு சார்ஜென்ட். இருவருக்கும் 1877 மார்ச் 11 அன்று கல்கத்தாவில் ஒரே ஆராதனையில் அபிஷேகம் நடந்தது. இருவருக்கும் தனித் திருமண்டலம் கிடையாது, பேராலயம் கிடையாது, எல்லைக்கோடு கிடையாது. ஒரே மாவட்டத்திற்குள் பக்கத்துப் பக்கத்து ஊர்களில், இந்தச் சங்கத்துச் சபைக்கு இவர், அந்தச் சங்கத்துச் சபைக்கு அவர். அதிகாரம் சென்னைப் பேராயருடையது. இவர்கள் அவருக்காக, அவர் பொறுப்பளித்தபடி செயல்பட்டவர்கள்.

இப்போது ‘முதல் பேராயர்’ என்று எழுதுகிறவரிடம் நான் வழக்கமாகக் கேட்பது இரண்டு கேள்விகள். கால்டுவெல் முதல் பேராயர் என்றால், அதே நாளில் அதே பலிபீடத்தின் முன் அபிஷேகம் பெற்ற சார்ஜென்ட் யார்? இரண்டாவது பேராயரா, இணைப் பேராயரா, ஒன்றுமே இல்லையா? பெரும்பாலான மலர்களில் அவர் ஒன்றுமே இல்லாமல் போகிறார். கால்டுவெல் மொழியியலால் பாடப்புத்தகத்தில் இருக்கிறார், மெரினாவில் சிலையாக நிற்கிறார். சார்ஜென்டுக்குச் சிலை இல்லை. புகழை வைத்துத் திருச்சபை வரிசையைத் தீர்மானிக்கிறோம் என்றுதான் இதற்குப் பொருள்.

இரண்டாவது கேள்வி: சார்ஜென்ட் 1889-இல் மறைந்தார். கால்டுவெல் 1891-இல் பதவி விலகி அந்த ஆண்டே ஆகஸ்டில் கொடைக்கானலில் காலமானார். இடையன்குடிக் கோயிலில் அவரை அடக்கம் செய்தார்கள். அதற்குப் பிறகு 1896 வரை நெல்லையில் பேராயர் எவரும் இல்லை. திருமண்டலம் என்று ஒன்று இருந்திருந்தால், அந்த ஐந்து ஆண்டுகளை ‘காலியிடம்’ என்று எந்தப் பதிவாவது சொல்லியிருக்க வேண்டாமா? காலியாவதற்கு அப்படி ஓர் இருக்கையே இல்லை. ‘திருநெல்வேலி, மதுரைத் திருமண்டலம்’ 1896-இல் சென்னையிலிருந்து பிரித்து உருவாக்கப்பட்டது. சாமுவேல் மார்லி அதன் முதல் பேராயர். நூற்றாண்டு நிறைந்தது 1996-இல். கணக்கு இவ்வளவு நேரானது.

இதனால் என்ன நட்டம் என்று கேட்பவர்கள் உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு சேகரத்தில் நடந்ததைச் சொல்கிறேன். 1880-களில் அடிக்கல் நாட்டப்பட்ட கோயில் அது. விழாவுக்காகப் பழைய கல்லுக்குப் பக்கத்தில் புதிய கருங்கல் பலகை ஒன்று வைக்க முடிவு செய்தார்கள். ‘திருநெல்வேலித் திருமண்டலத்தின் முதல் பேராயர்’ என்று கால்டுவெல் பெயருக்கு முன்னால் அடைமொழி. வாசகத்தைப் பார்த்ததும் திருத்தி அனுப்பினேன். கமிட்டியில் ஒருவர், ‘சிலையின் கீழேயே பேராயர் என்றுதானே போட்டிருக்கிறது, நீங்கள் மட்டும் மறுக்கிறீர்கள்’ என்றார். பலகை செதுக்கப்பட்டது, பதிக்கப்பட்டது, விழா மேடையில் திறந்தும் வைக்கப்பட்டது. விழாவுக்கு வந்திருந்த இறையியல் பேராசிரியர் ஒருவர் சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு இதே இரண்டு கேள்விகளைக் கேட்டிருக்கிறார். அதன் பிறகு பலகையைப் பெயர்த்து எடுத்தார்கள். கல்லுக்குப் பணம் கொடுத்த குடும்பம் தங்கள் பெயரும் சேர்ந்து பெயர்க்கப்பட்டதாக நினைத்துக் கோபித்துக்கொண்டது. புதுக் கல்லுக்கு வேறு ஒருவர் பணம் கொடுத்தார். புதுக் கல்லில் அவர் பெயர் ஏறியது. அந்த இரு குடும்பங்களும் இன்றுவரை கோயிலில் எதிரெதிர் பக்கத்தில்தான் உட்காருகின்றன.

கல்லாவது கண்ணுக்குத் தெரிகிறது. தெரியாத நட்டம் இன்னொன்று உண்டு. தன் பூட்டனார் 1880-களில் குருவானவராக அபிஷேகம் பெற்றார் என்று வீட்டில் கேள்விப்பட்ட ஒருவர், மலரில் படித்ததை நம்பி, திருநெல்வேலித் திருமண்டல ஆவணங்களுக்காக அலைந்தார். அந்தக் காலத்தில் அபிஷேகம் பெற்ற நெல்லைக் குருக்கள் எல்லாரும் சென்னைத் திருமண்டலத்தின் குருக்கள். தேட வேண்டியது சென்னையின் பதிவுகளில். அதற்கும் மேலே போக வேண்டுமானால் சங்கங்களின் ஆவணங்களில். சி.எம்.எஸ். ஆவணங்கள் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன, எஸ்.பி.ஜி. ஆவணங்கள் ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில். எங்கே தேடுவது என்பதே திருமண்டலம் எப்போது பிறந்தது என்ற கேள்விக்கான விடையைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

இதைச் சரியாக எழுதுவது ஒன்றும் கடினமில்லை. ‘அப்போது சென்னைப் பேராயரின் உதவிப் பேராயராக இருந்த கால்டுவெல்’ என்று எழுதினால் போதும். அவருடைய பெருமை இம்மியும் குறையாது. 1841-இல் இடையன்குடிக்கு வந்து, தெருக்களை வகுத்து, ஊரையே உருவாக்கி, கோயிலைக் கட்டி, இடையில் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தையும் எழுதிய மனிதருக்கு நாம் இரவல் பட்டம் கொடுக்க வேண்டியதில்லை. 2027-இல் அந்த இருவரின் அபிஷேகத்திற்கு 150 ஆண்டு நிறைகிறது. அப்போது அச்சாகப்போகும் மலர்களை நினைத்தால் இப்போதே எனக்கு அயர்ச்சியாக இருக்கிறது. ‘திருமண்டலத்தின் 150-ஆம் ஆண்டு’ என்று தலைப்பிட்ட படி ஏதாவது என் மேசைக்கு வந்தால், படிக்காமலே திருப்பி அனுப்புவதாக இருக்கிறேன்.

இரண்டு சங்கங்களையும் ஒன்றாக்குவது

‘ஆங்கிலேய மிஷனரிகள் நம் ஊருக்கு வந்தனர்’ என்று பொத்தாம் பொதுவாக எழுதாதீர்கள். எந்தச் சங்கத்தார் என்று எழுதுங்கள். நாசரேத், முதலூர், சாயர்புரம், இடையன்குடி எஸ்.பி.ஜி. வழி, பாளையங்கோட்டை, மெஞ்ஞானபுரம், டோனாவூர் சி.எம்.எஸ். வழி. எஸ்.பி.ஜி. உயர்சபை மரபை மதித்தது: பலிபீடம், உடுப்பு, திருவிருந்து ஒழுங்கு. சி.எம்.எஸ். சுவிசேஷ மரபில் ஊன்றியது: பிரசங்கம், எளிய ஆராதனை, சபையாரின் சங்கங்கள். இன்றைக்கும் சில பழைய கோயில்களில் பலிபீடத்தின் அமைப்பையும் பாடகர் குழு உட்காரும் இடத்தையும் பார்த்து, இது எந்த வழிக் கோயில் என்று ஊகித்துவிடலாம்.

1896-இல் ஒரே பேராயர் வந்துவிட்டதால் இரண்டும் மறுநாளே கலந்துவிட்டதாக நினைப்பதும் தவறு. பல ஆண்டுகள் இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு, தனித்தனிப் பள்ளிகள், தனித்தனி ஊழியர்கள். ஒரே திருமண்டல நிர்வாகத்துக்குள் அவற்றைக் கொண்டுவர மார்லிக்குப் பின் வந்த பேராயர்கள் படாத பாடு பட்டார்கள். இரு ஊர்ச் சேகரங்களுக்கு இடையே இன்றும் விளங்காத ஒரு வீம்பு இருந்தால், அதன் வேர் எங்கே இருக்கிறது என்று பழைய அறிக்கைகளில் தேடிப் பாருங்கள். சுவையான கட்டுரை ஒன்று கிடைக்கும். யாரும் எழுதுவதில்லை, அது வேறு விஷயம்.

கத்தீட்ரல் என்ற பட்டத்தை முன்தேதியிட்டுக் கொடுப்பது

பாளையங்கோட்டை ஊசிக்கோபுரக் கோயிலை ரேனியஸ் 1826-இல் கட்டினார். அவர் கட்டியது மிஷன் கோயில். பேராயரின் ஆசனம் இருந்தால்தான் கத்தீட்ரல், அதாவது பேராலயம். ஆசனம் வந்தது திருமண்டலம் வந்த பிறகு.

அசரியாவைத் திருநெல்வேலியின் பேராயராக்குவது

வே. ச. அசரியா 1874-இல் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தோன்றியபோது முன்னின்றவர்களில் ஒருவர். 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் அபிஷேகம் பெற்று, ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார். அவருடைய திருமண்டலம் தோர்ணக்கல். நிஜாமின் ஆட்சியில் இருந்த தெலுங்குப் பகுதி. நம் ஊர்க்காரர் என்ற பாசத்தில் அவரை நம் பேராயர் பட்டியலில் சேர்த்துவிடுகிறார்கள்.

திருநெல்வேலிக்கு முதல் இந்தியப் பேராயர் கிடைக்க 1953 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் ஏ. ஜி. ஜெபராஜ். அசரியாவைத் தந்த மண் தனக்கென்று ஓர் இந்தியரைப் பேராயராகப் பெற, அசரியாவின் அபிஷேகத்திற்குப் பின்னும் நாற்பது ஆண்டுகள் ஆயின என்பது எழுத வேண்டிய செய்தி. பட்டியலில் அசரியாவைச் செருகிவிட்டால் அந்தச் செய்தியே மறைந்துபோகிறது. இன்னொன்று: ‘இந்தியாவின் முதல் பேராயர்’ என்றும் எழுதக்கூடாது. கீழைத் திருச்சபைகளுக்கு அவருக்கு வெகு காலம் முன்பே இந்திய மேற்றிராணிமார் (பேராயர்கள்) இருந்தார்கள்.

1947-க்குப் பிறகும் ஆங்கிலிக்கன் என்றே எழுதுவது. அதற்கு முன்பு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) என்று எழுதுவது

இரண்டுமே வருகின்றன, சில நேரம் ஒரே பத்தியில். ‘1920-இல் சி.எஸ்.ஐ. பள்ளியாகத் தொடங்கப்பட்டது’ என்று ஒரு வரி; அடுத்த வரியில் ‘இன்றும் ஆங்கிலிக்கன் சபையாகத் திகழ்கிறது’.

வரிசை இதுதான். 1930 மார்ச் 1 வரை இங்கிருந்த திருமண்டலங்கள் சட்டப்படி இங்கிலாந்துத் திருச்சபையோடு கட்டுண்டிருந்தன. அன்று அந்தக் கட்டு நீங்கி, இந்திய, பர்மா, இலங்கைத் திருச்சபை தனியாக நின்றது. ஆங்கிலிக்கன் மரபு நீடித்தது, இங்கிலாந்தின் சட்டப்பிடி நீங்கியது. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. சென்னை, தோர்ணக்கல், திருநெல்வேலி, திருவாங்கூர்-கொச்சி ஆகிய நான்கு ஆங்கிலிக்கன் திருமண்டலங்களும், மெதடிஸ்டுகளும், காங்கிரிகேஷனல், பிரெஸ்பிட்டேரியன் வழியில் வந்த தென்னிந்திய ஐக்கிய சபையும் அதில் சேர்ந்தன. ஆகவே இது ஆங்கிலிக்கன் திருச்சபைக்கு இடப்பட்ட புதுப் பெயர் அன்று. பல மரபுகள் இணைந்த ஐக்கியத் திருச்சபை. தொடக்கத்தில் அது உலக ஆங்கிலிக்கன் ஒன்றியத்தின் உறுப்பாகவும் இல்லை. பிற்காலத்தில்தான் அந்த இடம் கிடைத்தது.

இன்றைய எல்லையை அன்றைக்கு நீட்டுவது

1896-இல் பிறந்த திருமண்டலத்தின் பெயரில் மதுரையும் இருந்தது. 1947-இல் மதுரை, இராமநாதபுரம் பகுதிகள் தனித் திருமண்டலமாகி, ஸ்காட்லாந்து பிரெஸ்பிட்டேரியன் வழியில் வந்த லெஸ்லி நியூபிகின் அதன் பேராயரானார். ஆங்கிலிக்கன் பேராயருக்குக் கீழே இருந்த சபைகள் பிரெஸ்பிட்டேரியன் மரபில் வளர்ந்தவருக்குக் கீழே போயின. அன்று ஐக்கியம் என்பது நடைமுறையில் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டாம்.

2003-இல் தூத்துக்குடி-நாசரேத் திருமண்டலம் பிரிந்தது. நாசரேத், சாயர்புரம், மெஞ்ஞானபுரம், முதலூர், வெள்ளாளன்விளை எல்லாம் அங்கே போயின. இடையன்குடி இங்கே நின்றது. எனவே, ‘தூத்துக்குடி-நாசரேத் திருமண்டலத்தில் 1799-இல் முதலூர் உருவாயிற்று’ என்று எழுதாதீர்கள். ‘இன்று தூத்துக்குடி-நாசரேத் திருமண்டலத்தில் உள்ள முதலூர்’ என்று எழுதுங்கள்.

கன்னியாகுமரி நண்பர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் சபைகள் லண்டன் மிஷன் வழி வந்தவை. ரிங்கல்தௌபே 1806-இல் மயிலாடிக்கு வந்த நாளிலிருந்து 1947 வரை உங்களுக்குப் பேராயரே கிடையாது. ஆங்கிலிக்கன் பாரம்பரியம் என்று எழுதி, இல்லாத பாட்டனாருக்குத் திவசம் கொடுக்காதீர்கள். கன்னியாகுமரித் திருமண்டலம் தனியாக நின்றது 1959-இல்.

கமிஷனரிக்குப் பேராயர் வரிசையில் எண் போடுவது

பேராயர் ஓய்வு பெற்று அடுத்தவர் வரும் வரை, பிரதமப் பேராயரின் கமிஷனரியாக ஒருவர் நிர்வாகம் பார்ப்பார். பெரும்பாலும் பக்கத்துத் திருமண்டலத்தின் பேராயர். சேகரத்தின் புதுக் கட்டடத்தை அவர் திறந்து வைத்திருந்தால் கல்லில் அவர் பெயர் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு அவரை ‘12-ஆவது பேராயர்’, ‘13-ஆவது பேராயர்’ என்று எண்ணிவிடுவார்கள். அதன் பிறகு எல்லா எண்களும் ஒன்று தள்ளிப் போகும். எண்ணே போடாதீர்கள், பெயரும் ஆண்டும் போதும்.

‘அதிக வாக்குகள் பெற்றுப் பேராயரானார்’

ஆகவில்லை. திருமண்டலப் பெருமன்றம் வாக்களித்துப் பேனலை, அதாவது பெயர்ப் பட்டியலைத்தான் தெரிவு செய்கிறது. அதிலிருந்து ஒருவரை நியமிப்பது திருச்சபையின் உச்ச மன்றமான சினாட். முதலிடம் பெற்றவர் நியமிக்கப்பட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளாமல் எழுதினால், அன்றைய வழக்குகளும் மனக்கசப்புகளும் ஏன் வந்தன என்று உங்களால் விளக்க முடியாது. தேர்தல் அரசியலைப் பற்றி மலரில் எழுதலாமா என்று கேட்டால், என் பதில்: தாத்தா காலத்துத் தேர்தலை எழுதுங்கள், இந்த மூன்றாண்டுத் தேர்தலைத் தொடாதீர்கள். லே செயலர் (குருவல்லாத சபையாரிலிருந்து வரும் திருமண்டலச் செயலர்) எந்த அணி என்பது வரலாறாக மாறக் குறைந்தது ஒரு தலைமுறை ஆகும்.

பள்ளியின் பெயரில் இருக்கும் எழுத்துகளைப் பார்க்காமல் விடுவது

ஊர் ஊராக டி.டி.டி.ஏ. தொடக்கப்பள்ளிகள் இருக்கின்றன. அதில் படித்தவர்களில் பலருக்கு அந்த எழுத்துகளின் விரிவு தெரியாது. டின்னவெல்லி டயோசீசன் டிரஸ்ட் அசோசியேஷன் என்பதே அது. பெயரில் உள்ள பழைய ‘டின்னவெல்லி’யே அதன் வயதைச் சொல்லும். தூத்துக்குடி-நாசரேத் பிரிந்த பிறகு அந்தப் பக்கத்துப் பள்ளிகளின் பலகையில் டி.என்.டி.டி.ஏ. என்று மாறியது.

சொத்து வரலாறு எழுதும்போது இது அவசியம். நிலத்தைச் சபை ‘வாங்கியது’ என்று எழுதிவிட்டுப் பத்திரத்தைப் பார்த்தால், அது சங்கத்தின் பெயரிலோ, டிரஸ்ட் அசோசியேஷன் பெயரிலோ, 1947-இல் கம்பெனிச் சட்டத்தின்கீழ் பதிவான தென்னிந்தியத் திருச்சபை டிரஸ்ட் அசோசியேஷன் பெயரிலோ இருக்கும். உங்கள் மலரை யாராவது நாளைக்கு நீதிமன்றத்தில் சான்றாக நீட்டக்கூடும். பத்திரத்தைப் பார்க்காமல் சொத்தைப் பற்றி ஒரு வரியும் எழுதாதீர்கள்.

பாளையங்கோட்டை மறைமாவட்டம்

அது கத்தோலிக்கர்களுடையது, 1973-இல் உருவானது. படத்தை மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

‘ஆசியாவிலேயே முதல்’

அடித்துவிடுங்கள்.

பழைய எழுத்துக்கூட்டலில் தேடாமல் விடுவது

ஆங்கில அறிக்கைகளில் உங்கள் ஊர் இன்றைய எழுத்துக்கூட்டலில் இருக்காது. பாளையங்கோட்டை ‘பாலம்கோட்டா’ என்றும், இடையன்குடி ‘எடெயன்கூடி’ என்றும் கிடக்கும். ஒரே ஊர் ஒரே அறிக்கையின் இரண்டு பக்கங்களில் இரண்டு விதமாகவும் வரும். சத்தமாக வாசித்துப் பாருங்கள், கண்ணுக்கு அகப்படாதது காதுக்கு அகப்படும். உங்கள் ஊரில் வயதான கோயில்பிள்ளை (கோயில் பணியாளர்) யாராவது இருந்தால் அவரிடம் வாசித்துக் காட்டுங்கள். எந்த மேட்டுத்தெரு, எந்தக் கிணற்றடி என்பதுவரை சொல்லிவிடுவார்கள். சொன்ன ஆண்டை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளாமல் ஞானஸ்நானப் பதிவேட்டோடு ஒத்துப் பார்த்துவிடுங்கள். பதிவேட்டை வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். சேகர அலுவலகத்திலேயே உட்கார்ந்து படி எடுங்கள்.